பழைய கேப்டன், புதிய கேப்டன்

வேலம்பாளையத்தில் பொங்கியண்ணனின் பிரிண்டிங் பட்டறையில், மூன்றாம் டேபிளில் எதிரெதிரே நின்று வேலை பார்த்த ராஜபாண்டியும் ஜெபக்குமாரும் பத்து வருஷமாக ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூலியைப் பற்றிய சண்டை இல்லை, சாதியைப் பற்றியும் இல்லை. ஒரு வெளிநாட்டு விண்வெளிப் படத்தில் கப்பலை ஓட்டுகிற கேப்டன் வேஷம் எந்த நடிகருக்குப் பொருந்துகிறது என்பதுதான் விவகாரம். கேட்டால் சிரிப்பு வரும். வரட்டும். காலையிலிருந்து பொழுது சாயும் வரை நின்ற இடத்தில் நின்று பனியன் துணியில் மை இழுக்கிறவர்கள் வேறு எதைப் பேசினாலும் கடைசியில் வயிற்றெரிச்சலில்தான் போய் முடியும். இதில் அந்த ஆபத்து இல்லை என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

படத்துக்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர். தமிழில் குரல் கொடுத்து வெளியிட்டவர்கள் ‘விண்வெளி வேங்கை’ என்று வைத்தார்கள். ஆறு பாகம் வந்துவிட்டது, ஒன்றில்கூட வேங்கை கிடையாது. அழிந்துபோன ஒரு கிரகத்து மக்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு கிரகம் தேடி அலைகிற கப்பலின் கதை. முதல் மூன்று பாகத்தில் ஒரு நடிகர் கேப்டனாக வந்தார். கம்பெனிக்காரர்களோடு என்ன மனஸ்தாபமோ, விலகிக்கொண்டார். நான்காம் பாகத்திலிருந்து அதே கேப்டனாக வேறொருவர். உலகம் பூராவும் ரசிகர்கள் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்தார்கள். வேலம்பாளையம் மட்டும் தப்புமா?

பரமக்குடிப் பக்கமிருந்து பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்த ராஜபாண்டி, பழையவர் கட்சி. சாத்தான்குளம் பக்கத்து ஜெபக்குமார் புதியவர் கட்சி. பழைய கேப்டன் எதற்கும் அசராத மனிதர். நெருப்புக்குள் நின்றாலும் சட்டை மடிப்பு கலையாது. கேப்டன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது ராஜபாண்டியின் கட்சி. புதியவருக்கு ஆபத்து வந்தால் கை நடுங்கும், நடுங்கிக்கொண்டே கப்பலைத் திருப்புவார். நாலாம் பாகத்தில் அந்த நடுங்குகிற கையை ஒரு நிமிஷம் தனியாகக் காட்டுவார்கள். ஜெபக்குமாரைக் கேட்டால் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நடிகருக்குக் கோயில் கட்டலாம். பயமே இல்லாதவனுக்குத் தைரியம் எதற்கு என்று கேட்பான். நடுங்குகிறவன் கையில் எந்தப் பைத்தியக்காரன் கப்பலைக் கொடுப்பான் என்று ராஜபாண்டி திருப்பிக் கேட்பான்.

அவர்கள் பேசிய விதமே தனி. டேபிள் அகலத்துக்கு இருக்கும், வலைத்துணி இழுத்துக் கட்டிய பெரிய ஸ்கிரீன் சட்டத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் துணியின் மேல் இறக்குவார்கள். ராஜபாண்டி தன் பக்கத்திலிருந்து மையை ரப்பர் கட்டையால் பாதிவரை இழுத்துக் கொடுப்பான், ஜெபக்குமார் வாங்கி மீதியை இழுப்பான். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் பேச மாட்டார், எதிராளி பேசுவார். அழுத்தம் மாறினால் மை திட்டாகிவிடும் என்பதால் வந்த பழக்கம். இப்படிப் பாதி பாதியாகவே பத்து வருஷ வாதம் ஓடியது. சுற்றிலும் பீகார்க்காரர்கள், ஒடிசாக்காரர்கள். துணி காயவைக்கும் மிஷினின் இரைச்சல் வேறு. சூப்பர்வைசர் மகுடேஸ்வரனுக்கு சினிமா என்றாலே எட்டிக்காய். ஆகவே அந்தப் பேச்சு அந்த மூன்றடி அகலத்தைத் தாண்டி வேறு யார் காதிலும் விழுந்ததில்லை.

ஏழாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. கேப்டன் யார் என்பதை மட்டும் மூடி வைத்திருந்தார்கள். பதினோராயிரம் பேர் இருக்கிற தமிழ் ரசிகர்களின் டெலிகிராம் குழுவில் ராத்திரி பகலாக அடிதடி. ராஜபாண்டி அதில் ‘ஒண்ணாம் கேப்டன்’ என்ற பெயரில் இருந்தான். பழையவர் திரும்பி வருவார் என்று நாலு காரணம் சொல்லி நீளமாக எழுதினான். சென்னைக்காரர் ஒருவர் அதற்குக் கீழே, டப்பிங்கில் பார்ப்பவர்கள் கருத்து சொல்லாமல் இருப்பது நல்லது என்று ஒரே வரி போட்டார். முந்நூறு பேர் சிரித்த முகம் போட்டார்கள். ராஜபாண்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை. சினிமா விஷயத்துக்குச் சாப்பிடாமல் இருப்பதா என்று மனைவி வேல்விழி திட்டினாள். சினிமா விஷயம் இல்லை அது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த ஆர்டர் பட்டறைக்கு வந்தது. படத்தோடு சேர்ந்து வெளிநாட்டுக் கடைகளில் விற்பதற்கு டீசர்ட். முன்பக்கம் பெரிதாகப் படம், எட்டு கலர். பிடித்துக்கொண்டு வந்தவன் பொங்கியண்ணனின் ஒரே மகன் நித்தீஷ். கோவையில் ஜவுளிப் படிப்பு முடித்துவிட்டு வந்து அப்பாவின் ஆபீசில் உட்கார்ந்திருந்த இருபத்து நாலு வயசுப் பையன். அவனும் ‘வேங்கை’ ரசிகன்தான். அதே டெலிகிராம் குழுவில் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பவன். ஒரு வருஷம் அலைந்து வாங்கிய ஆர்டர் என்பதால், முதல் நாள் அவனே டேபிள் டேபிளாக வந்து சொன்னான். அச்சடிக்கிற படம் முன்கூட்டி வெளியே போனால் ஆர்டரே போய்விடும். அதனால் எல்லார் செல்போனும் வாசலில் பெட்டியில் போட வேண்டும். அச்சு பிசகிய துணியைக் கத்தரியால் குறுக்கே வெட்டிச் சாக்கில் போட்டுவிட வேண்டும்.

ஜெபக்குமாருக்கு மட்டும் விலக்கு. மனைவி ரோஸ்மேரிக்கு எட்டாம் மாசம், ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று அவன் கேட்டபோது, போனை வைத்துக்கொள்ளுங்கள் என்று நித்தீஷே பெருந்தன்மையாகச் சொன்னான்.

எட்டு கலர் என்றால் எட்டு ஸ்கிரீன். வெளிறிய நிறத்தில் ஆரம்பித்துக் கருப்பில் முடியும். சாம்பிள் துணியை ஆபீஸ் அறையில் பூட்டி வைத்துவிட்டதால், அச்சடிக்கிறவர்களுக்கே என்ன வரப்போகிறது என்று தெரியாது. முதல் நாள் வெள்ளைத் திட்டு. இரண்டாவது மஞ்சள், மூன்றாவது ஒரு மாதிரி சதை நிறம். முகம் என்று தெரிந்துவிட்டது. யார் முகம்? புதியவருக்கு அடர்ந்த தாடி உண்டு, பழையவருக்கு மழுங்கச் சவரம். ஆறாவது ஸ்கிரீன் பழுப்பு. தூக்கிப் பார்த்தால் முகவாயில் பழுப்பு விழவில்லை. ராஜபாண்டி அந்த இடத்தைக் கட்டையால் காட்டினான். இந்தப் பாகத்துக்காகத் தாடியை எடுத்திருப்பார் என்று ஜெபக்குமார் விட்டுக்கொடுக்காமல் நின்றான். கடைசிக் கருப்பு ஸ்கிரீனை இறக்கி, பாதி இழுத்துக் கொடுத்து, மீதியை அவன் இழுத்து, இரண்டு பேரும் தூக்கினார்கள். இடது புருவத்தின் குறுக்கே வெட்டுத் தழும்பு. பழையவர். கொஞ்சம் வயசாகி, கன்னம் வற்றி, ஆனால் அவரேதான்.

“சரில, ஒத்துக்கிடுதேன்,” என்றான் ஜெபக்குமார். “ஆனா எழுதி வச்சுக்கோ, படத்துல ரெண்டு சீனுக்கு மேல வரமாட்டாரு.”

பத்து வருஷத்தில் ஜெபக்குமார் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. ராஜபாண்டிக்கு அது போதவில்லை. அங்கேதான் அவன் புத்தி கெட்டது. டேபிளுக்கு எதிரே இருக்கிறவன் ஒத்துக்கொண்டால் என்ன, அந்தச் சென்னைக்காரரும் சிரித்த முந்நூறு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டாமா? உலகத்தில் யாருக்கும் தெரியாதது தன் கையில் மையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை.

அச்சு பிசகிய துணி ஒன்றை வெட்டாமல், கை துடைக்கிற வேஸ்ட் துணியோடு சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஊடு வந்தான். அவனும் இத்தனை வருஷத்தில் வீட்டை ஊடு என்று சொல்லப் பழகியிருந்தான். வேல்விழி வேலை முடிந்து இன்னும் வரவில்லை. பத்தாவது படிக்கும் மகள் டியூஷனில் இருந்தாள். துணியைத் தரையில் விரித்தான். கீழே பொடி எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரை மடித்து மறைத்தான். கழுத்தோரம் இருந்த ஆர்டர் நம்பரைக் கத்தரித்தான். தரை தெரியாமல் துணி மட்டும் தெரிகிற மாதிரி படம் பிடித்தான். திருட்டுத்தனத்தில் அவனுக்கு அனுபவம் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தான். ஒன்றே ஒன்றைத் தவிர.

கட்டிங் மாஸ்டர் துணி வெட்டும்போது ஒவ்வொரு பீசின் ஓரத்திலும் பென்சிலால் சைசையும் பண்டல் நம்பரையும் எழுதுவார். முன்பக்கத் துணியும் பின்பக்கத் துணியும் மாறிவிடாமல் இருக்க அது. தைக்கும்போது மடிப்புக்குள் போய்விடும், சட்டை வாங்குகிறவர் அதைப் பார்க்கவே மாட்டார். நாளுக்கு ஆயிரம் தரம் அதைப் பார்க்கிற ராஜபாண்டியின் கண்ணிலும் அது விழுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது. துணி என்றால் ஓரத்தில் பென்சில் எழுத்து இருக்கும், அவ்வளவுதான். புதிதாய் வந்த ஆளாக இருந்திருந்தால் முதலில் அதைத்தான் மறைத்திருப்பான்.

‘என் கேப்டன் திரும்பி வந்துட்டார். டப்பிங்ல பாக்குறவன் சொன்னேன்ல?’ என்று எழுதிப் படத்தைக் குழுவில் போட்டான். பத்து நிமிஷத்தில் நானூறு பதில். சென்னைக்காரர் மன்னிப்புக் கேட்டார். யார் யாரோ தலைவா என்றார்கள். அந்த ஒரு மணி நேரம் இருந்ததைப் போல ராஜபாண்டி தன் வாழ்க்கையில் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு பயம் வந்தது. படத்தை அழித்தான், கணக்கையே அழித்தான், துணியைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டான். அதற்குள் அது கடல் தாண்டிப் போயிருந்தது.

மறுநாள் மதியம் காயவைக்கும் மிஷின் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்துவிட்டது, அந்தப் படம் அச்சாவது இந்தப் பட்டறையில் மட்டும்தான், மீதி ஆர்டர் ரத்து, யார் செய்தது என்று பெயர் கொடுக்காவிட்டால் ஆர்டர் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டின் மற்ற ஆர்டரும் கிடையாது என்று மகுடேஸ்வரன் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெபக்குமார் அப்போது டேபிளில் இல்லை. ரோஸ்மேரியை அவசரமாக ஆபரேஷனுக்கு எடுக்கிறார்கள் என்று போன் வந்து, பதினொரு மணிக்கே ஓடியிருந்தான். ஆபீசுக்குக் கூப்பிட்டது ராஜபாண்டியை மட்டும்.

நித்தீஷ் அழுதிருந்தான் போலிருந்தது, கண்ணிமை தடித்திருந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தான். ஓரத்தில் கட்டிங் மாஸ்டரின் சாய்ந்த கையெழுத்தில் எல் சைஸ், பண்டல் இருநூற்றுப் பதினாலு. ராஜபாண்டி அதை இப்போதுதான் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

நித்தீஷ் கோபப்படவில்லை, மரியாதையாகவே பேசினான். அந்த பண்டல் மூன்றாம் டேபிளுக்குப் போனது. மூன்றாம் டேபிளில் இரண்டு பேர். உள்ளே போன் கொண்டுபோனது ஒருத்தர், அதுவும் தானே கொடுத்த அனுமதி. இருந்தாலும் ஆள் மேல் அநியாயமாகப் பழி போடக் கூடாது என்று அவன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். படம் போட்டவன் யாராக இருந்தாலும் பழைய கேப்டனின் வெறியன், எழுதியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. புதியவர் ரசிகன் செத்தாலும் இதை இப்படி எழுத மாட்டான். ரசிகனுக்கு ரசிகனைத் தெரியாதா?

“ஏனுங்ணா, ஒரே ஒரு கேள்வி,” என்றான். “ஜெபக்குமாருக்கு எந்தக் கேப்டனைப் புடிக்குமுங்க?”

உண்மையைச் சொன்னால் ஜெபக்குமார் தப்பித்தான். உண்மையைச் சொன்னால் மிச்சமிருப்பது ஒரே ஆள். மகளின் பத்தாம் வகுப்பு, பொங்கியண்ணனுக்குச் சொந்தமான, வரிசையாகக் கட்டிய லைன் ஊட்டில் இருக்கிற ஒற்றை அறை, வேல்விழி அதே முதலாளியின் இன்னொரு யூனிட்டில் செக்கிங் வேலை பார்ப்பது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றது. யோசித்துத்தான் சொன்னான் என்று சொன்னால் அது பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“பழையவரைத்தாங்க. உசுரையே விடுவான்.”

“நீங்க?”

“நமக்கு இந்தப் படமெல்லாம் புரியாதுங்க தம்பி.”

நித்தீஷ் தலையாட்டினான். போகலாம் என்று கை காட்டினான். படியிறங்கி வரும்போது ராஜபாண்டிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

சாயங்காலம் ஜெபக்குமாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை மிட்டாய் டப்பாவோடு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய ஆதார் நகலையும் போட்டோவையும் பிரிண்டிங் முதலாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இந்த ஆளைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதினார்கள். நல்லூரில் மூன்று இடத்தில் கேட்டான், அவிநாசிபாளையம் வரைக்கும் போய்ப் பார்த்தான். எல்லா இடத்திலும் அவன் போவதற்கு முன்பே அவன் போட்டோ போயிருந்தது. திருப்பூரில் வேலைக்குப் பஞ்சம் இல்லை என்று சொல்வார்கள். பெயர் கெட்டவனுக்கு அந்த ஊரைப் போல ஈரமில்லாத ஊர் வேறு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவன் ராஜபாண்டியின் வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை. வேல்விழி நீட்டிய டீயைக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றான். முகத்தில் நாலு நாள் தாடி. ராஜபாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு தெருமுனை வரை நடந்தான். சாக்கடை ஓரத்தில் நிறுத்தியிருந்த ஒரு லோடு ஆட்டோவின் மேல் சாய்ந்துகொண்டு ஜெபக்குமார் பேசினான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ராஜபாண்டிக்கு எளிதாக இருந்திருக்கும்.

“போட்டது நீதான்னு படத்தைப் பார்த்த அன்னைக்கே தெரியும்ல. ஆசைப்பட்டுட்ட, போட்டுட்ட. அதைக்கூட நான் மன்னிச்சிருவேன்,” என்றான். “நான் பழைய ஆளோட ரசிகன்னு சொன்னியாமே, ஏம்ல?”

நித்தீஷிடம் தானும் பேசிப் பார்த்ததாக ஜெபக்குமார் சொன்னான். நான் புதுக் கேப்டன் ஆள், பத்து வருஷமாக அவருக்காகத்தான் வாதாடுகிறேன், நாலாம் பாகத்தை இருபது தரம் பார்த்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னானாம். மாட்டிக்கொண்ட பிறகு எல்லாரும் கட்சி மாறுவார்கள் என்று நித்தீஷ் சிரித்தானாம். அப்படி வாதாடியதைக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டானாம்.

“யாரு இருக்கா? வீட்டுல கூட நான் இதைப் பேசினதில்ல, ரோஸ்மேரிக்குப் படம்னாலே பிடிக்காது. பேசினதெல்லாம் உங்கிட்ட மட்டும்தான். எனக்குச் சாட்சின்னு நீ ஒருத்தன்தாம்ல இருக்க.”

ராஜபாண்டியின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பதையும் அவனே சொன்னான். தப்பிக்க அடுத்தவனை இழுத்து விடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். ராஜபாண்டியே போய்ச் சொன்னால்தான் உண்டு. அவன் இருப்பதும் முதலாளியின் லைன் ஊட்டில்தான், புதன்கிழமைக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் தையலோடு ரோஸ்மேரி, பிறந்து அஞ்சு நாளான பிள்ளை, மூத்தவன் வேறு. ஊருக்குப் போனால் அங்கே என்ன இருக்கிறது, முள் உடைமரமும் அண்ணனிடம் ஏச்சு வாங்குவதும்தான். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன் என்று ராஜபாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். சொன்னபோது அது சத்தியம்தான்.

திங்கட்கிழமை ஆபீஸ் படி வரைக்கும் போனான். உள்ளே பொங்கியண்ணன் உட்கார்ந்து யாரோடோ கத்திக்கொண்டிருந்தார், திரும்பி வந்தான். செவ்வாய்க்கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மாதிரித் தேர்வில் அவள் மூன்றாவதாக வந்திருப்பதாக டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு வந்து எப்படிப் போய்ச் சொல்வது? புதன்கிழமை அவன் ஆபீஸ் பக்கமே பார்க்கவில்லை. அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஜெபக்குமார் குடும்பம் சாமான்களை ஒரு வேனில் பாதியும் பழைய கடையில் பாதியுமாகப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டது என்று வேல்விழி போனில் சொன்னாள்.

வியாழக்கிழமை போய்ச் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகு வருகிற தைரியம் அவனுக்கு வந்திருந்தது. நித்தீஷ் தனியாக இருந்தான். துணியை எடுத்துப்போனது, மடித்து மறைத்தது, எழுதியது, அழித்தது என்று ஒன்று விடாமல் சொன்னான். ஜெபக்குமார் புதியவர் ரசிகன், பத்து வருஷமாக என்னோடு அதற்காகத்தான் சண்டை போட்டான், நான்தான் பழையவர் ரசிகன், ‘ஒண்ணாம் கேப்டன்’ என்பது நான்தான் என்றான். போலீசைக் கூப்பிடுவார்கள், அடிப்பார்கள், எதுவானாலும் சரி என்றுதான் நின்றான்.

நித்தீஷ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். ஜெபக்குமார் பெயரை வெளிநாட்டுக்கு எழுதி அனுப்பியாகிவிட்டது, ஆளை நீக்கிவிட்டோம் என்று அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதை நம்பித்தான் மற்ற ஆர்டர் நிற்கிறது என்றான்.

“இப்ப வேற பேரைச் சொன்னா, மொதல்ல சொன்னது பொய்னு ஆயிருமுங்ணா. நாப்பது பேரு வேலை போயிரும். நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லலீங்க, நானும் எதுவும் கேக்கலீங்க.”

“அவன் பேரு முதலாளிங்க குரூப்புல இருக்குதுங்களே தம்பி.”

“அது இருக்கட்டுமுங்க. போய் வேலையப் பாருங்க.”

ராஜபாண்டி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலோடு போயிருக்கலாம். அப்படிப் போகிறவன் திங்கட்கிழமையே வந்து சொல்லியிருப்பான். கீழே இறங்கி மூன்றாம் டேபிளுக்குப் போனான். எதிர்ப்பக்கம் ஒடிசாவிலிருந்து வந்த புது ஆள், தமிழ் தெரியாது. இவன் பாதி இழுத்துக் கொடுத்தான், அவன் வாங்கி மீதியை இழுத்தான். குழந்தைகளுக்கான பனியன், ஒரே கலர், முயல் படம். வேலை சுத்தமாக நடந்தது.

நாலு மணி டீ நேரத்தில் மிஷினுக்குப் பின்னால் போய் ஜெபக்குமாருக்கு போன் போட்டான். மூன்றாவது தடவைதான் எடுத்தான். பக்கத்தில் பிள்ளை அழுதது. யாருடைய வீட்டிலோ இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினான். நித்தீஷிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக ராஜபாண்டி மூச்சுவிடாமல் சொன்னான். நீ புதியவர் ஆள் என்பதையும் சொன்னேன் என்றான்.

“நம்பினாரா?”

“நம்பிட்டாருடா.”

அந்தப் பக்கம் ஜெபக்குமார் போனை விலக்கி, ரோஸ்மேரியிடம் ஏதோ சொன்னது கேட்டது. நம்பிவிட்டார்களாம் என்றுதான் இருக்க வேண்டும். திரும்பி வந்தபோது குரலே மாறியிருந்தது.

“அப்ப குரூப்புல இருந்து என் படத்தை எடுத்துருவாங்கல்லா? ஞாயித்துக்கெழம வந்துரட்டுமால?”

எடுக்க மாட்டார்கள் என்று ராஜபாண்டி சொன்னான். நித்தீஷ் சொன்னதை அப்படியே சொன்னான், நாற்பது பேர் வேலை, கையெழுத்து எல்லாம். ஜெபக்குமார் குறுக்கே பேசாமல் கேட்டான். பிள்ளை அழுவது நின்றிருந்தது.

“உன்னைய என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலடா.”

“ஒண்ணுமேவா?”

டீ நேரம் முடிந்து மிஷினைப் போட்டுவிட்டார்கள். சூடான காற்றின் இரைச்சல் சுவரோடு அதிர்ந்தது. பத்து வருஷத்துக்கு மேல் அந்த இரைச்சலில் நின்றவன் ஜெபக்குமார், எதன் சத்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“ஏல, பட்டறையில இருந்தா பேசுத?”

“ஆமா.”

“மிஷின் போட்டுட்டாங்க பாரு,” என்றான் ஜெபக்குமார். “டேபிள்ல ஆளு காத்துக்கிட்டு நிப்பான். போ.”

போனை வைத்துவிட்டான். ராஜபாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு டேபிளுக்குப் போனான்.